வலி பொய்யில்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் நடந்தது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே சாப்பிட வந்திருந்த ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி என்று குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) அறுவை செய்து எடுத்திருந்தார்கள்; பிறகு வந்த அறிக்கையில் அது நன்றாகத்தான் இருந்தது என்று போட்டிருந்ததாம். உடனே, "சும்மா வந்த வலிக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டாள்" என்கிறார் ஒரு அண்ணன். நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தலை குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடல்வால் நன்றாக இருந்தது என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை.

ஒரு காலத்தில் நூறு பேருக்குக் குடல்வால் எடுத்தால் 15, 20 பேருக்கு அதில் நோயே இருக்காது. விட்டுவைத்து வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவ உலகமே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. சிடி ஸ்கேன் பரவிய பிறகுதான் குறைந்தது. இன்றைக்கும் இதில் அதிகம் மாட்டுவது இளம்பெண்கள்தான். வலது சினைப்பையும் குடல்வாலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே நீர்க்கட்டி வெடித்தாலும், கருக்குழாயில் கரு தங்கினாலும் அதே இடத்தில்தான் வலிக்கும். தொற்று வந்தால் கூடுகிற வெள்ளணு இரத்தத்தில் ஏறவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை என்றால் தவறாகப் போக வாய்ப்பு இன்னும் கூடும். இதில் அவள் செய்த குற்றம் என்ன?

எனக்கு 23 வயதில் இதே கதை. இராத்திரி 2 மணிக்கு, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே டாக்சிக்கு நின்றபோது அம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். பல் பதிந்த இடம் கிழிந்தே போனது. குடல்வாலை எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. சினைப்பையில் கட்டி என்று மூன்று மாதம் கழித்து வேறொரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். அந்த மூன்று மாதமும் வேலையிடத்தில் எனக்குக் கிடைத்த பெயர், எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்க நடிக்கிறவள்.

டாக்டர்களைத் திட்டுகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. நடுராத்திரியில் முடிவெடுப்பது அவர்களுக்கும் கஷ்டம்தான். எல்லோருக்கும் சிடி எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதா என்பதும் நியாயமான கேள்வி. அதனால்தான் இளம்பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆண்பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால் "பாவம், டாக்டர் தப்பாகப் பார்த்துவிட்டார்" என்றுதானே பேசியிருப்பீர்கள்? பெண் என்றால் மட்டும் ஏன் நடிப்பாகிறது? மாதாமாதம் வலியோடு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். நாங்களே தாங்க முடியவில்லை என்று சொன்னால் ஒரு தடவையாவது நம்பக் கூடாதா?

அந்தப் பிள்ளை பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். அண்ணே, என்னிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.