ஈஸ்ட்வுட் நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கியதில்லை
'அன்ஃபர்கிவன்' படத்துக்காக ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினார், ஆகவே அதுவே அவருடைய தலைசிறந்த படம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1992இல் வந்த அந்தப் படத்துக்கு அவர் பெற்றவை சிறந்த படம், சிறந்த இயக்குநர் விருதுகள். நடிப்புக்குக் கிடைத்தது பரிந்துரை மட்டுமே; விருது நடிகர் அல் பசினோவுக்குப் போய்விட்டது. 'மில்லியன் டாலர் பேபி'க்கும் அப்படியே: இயக்கத்துக்கு விருது, நடிப்புக்கு வெறும் பரிந்துரை.

'அன்ஃபர்கிவன்' படத்தின் தரத்தில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதைச் சொல்ல விருதுக் கணக்கு எதற்கு? ஒரு காலத்தில் ஊரை நடுங்க வைத்த வில்லியம் மன்னி (ஈஸ்ட்வுட் ஏற்ற பாத்திரம்), கைத்துப்பாக்கியால் ஒரு தகர டப்பாவைக்கூட வீழ்த்த முடியாமல் திரும்பத் திரும்பச் சுடுகிறான். பிறகு வீட்டுக்குள் போய்ப் பெரிய துப்பாக்கியை எடுத்துவருகிறான். முதுமையை இவ்வளவு துணிவாகத் திரையில் காட்டிய நட்சத்திரங்கள் குறைவு.