கணிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பொறியியலுக்கு வழி காட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நடந்தது தருமபுரி நண்பர்கள் பலருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். பொறியாளர் ஆக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணிடம், "கணக்கு உனக்குக் கஷ்டம் பாப்பா, பியூர் சயின்ஸ் எடுத்தாலும் இன்ஜினியரிங் போகலாம்" என்று சொல்லி, ஆசிரியர்கள் படிவத்தில் கணிதம் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறார்கள். பியூர் சயின்ஸ் என்பது கணிதமே இல்லாத குரூப்; அதை எடுத்தால் போக முடியாது. பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லாத நிலையில், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும் இந்த மூன்று பாடங்களின் மதிப்பெண்கள்தான் அவளுடைய இடத்தைத் தீர்மானிக்கும். அதில் பாதியான கணிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எதை வைத்து விண்ணப்பிப்பாள்?

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவள். 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பேனாவால் ஒரு கோடு போட்டு மூடிவிட்டார்கள்.

ஃபெயில் ஆனால் யார் பொறுப்பு, பள்ளியின் தேர்ச்சி விகிதம் என்னாவது என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அறுபது எடுத்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுப்பதற்காகத்தானே பள்ளி இருக்கிறது? பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாமே என்பவர்களுக்கு: சேரலாம், நல்ல வழிதான், ஆனால் அங்கேயும் கணிதம் உண்டு.

என் அக்காவுக்கும் இதுதான் நடந்தது. ஃபர்ஸ்ட் குரூப் படிக்க அரூருக்குப் பேருந்தில் போய்வர வேண்டும் என்பதால், பக்கத்துப் பள்ளியில் இருந்த பியூர் சயின்ஸ் போதும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். ப்ளஸ் டூ முடிந்ததும் தோழிகளெல்லாம் பொறியியல் விண்ணப்பம் வாங்கி வந்தபோது, அவள் அவர்களுடைய படிவங்களைத் தன் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடைக்கும் என்று பெற்றோரை அலைக்கழிப்பதும் தவறு. கணிதத்தோடு உயிரியல் படித்தவரும் அதில் சேரலாம். நீட் எழுதும் வாய்ப்பும் அவருக்குக் கூடுதலாக இருக்கும், சுமை அதிகம் என்பதை மட்டும் தெரிந்து எடுக்க வேண்டும். நான்காவது பாடம் எதுவாகவும் இருக்கட்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறாய் என்று உள்பெட்டியில் கோபப்பட்டவர்களுக்கு, எனக்குக் கணிதம் கற்பித்தவரும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்தான். அவர் என்னிடம் மதிப்பெண் கேட்கவில்லை, என்ன படிக்க ஆசை என்றுதான் கேட்டார். அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொன்ன பிறகும் மாற்றி எழுதியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சேர்க்கை இன்னும் முடியவில்லை; அவளுடைய அப்பா நாளைக் காலை பள்ளிக்குப் போகிறார், நானும் உடன் போகிறேன்.