மோதிரம் கொடுத்த பெண்களையும் எழுதியிருக்கலாம்

1935இல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்ததைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். நிலமும் மூலப்பொருளும்தான் அதற்குக் காரணம் என்கிறது அந்தக் கட்டுரை. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 1896இல் அத்வா போரில் எத்தியோப்பியாவிடம் இத்தாலி பட்ட தோல்விக்குப் பழிவாங்குவோம், ரோமப் பேரரசை மீட்போம் என்று சொல்லிச் சொல்லியே முசோலினியின் பாசிஸ்டுகள் சொந்த மக்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 1935 டிசம்பர் 18 அன்று ரோமில் இத்தாலி ராணி எலெனாவே தன் கல்யாண மோதிரத்தைப் போர்ச் செலவுக்குக் கொடுத்தார். சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் வரிசையில் நின்று தங்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் மாட்டிக்கொண்டு போனார்கள். அதே மாதம்தான் எத்தியோப்பியர்கள் மீது விமானத்திலிருந்து மஸ்டர்ட் நச்சு வாயுக் குண்டுகள் விழுந்தன. 1937இல் காலனியில் இத்தாலியர்கள் ஆப்பிரிக்கர்களோடு சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கினார்கள். அடுத்த ஆண்டே யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் இத்தாலியிலேயே வந்துவிட்டன. காலனிப் போருக்கும் சொந்த நாட்டில் வந்த இனவெறிக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கட்டுரையாளர் கட்டாயம் விரித்து எழுத வேண்டும்.