பதக்கத்துக்கு முன் நடந்தது

இரண்டாம் உலகப் போரில் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஸ்டூவர்ட் ஆர்ச்சர். அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவர் வாங்கிய ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கத்தையே சுற்றி வருகிறது. அந்தப் பதக்கம் எதற்காக என்பதையும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

1940 செப்டம்பர் 2, வேல்ஸில் சுவான்சீக்கு அருகே லாண்டார்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஒரு பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன, பக்கத்திலேயே வெடிக்காத ஜெர்மன் குண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆர்ச்சருக்கு அப்போது 25 வயதுதான். படித்ததோ கட்டடக்கலை! அந்த அனலில் நின்று ஒரு குண்டின் ஃபியூஸை, அதாவது அதை வெடிக்கவைக்கும் கருவியை, எடுத்தார். அதற்கு அடியில் இன்னொரு பொறி இருந்தது. மேலே உள்ள ஃபியூஸை உருவினாலே குண்டு வெடிக்கும்படி வைத்த 'ஸுஸ் 40'. அதையும் முழுசாக வெளியே கொண்டுவந்துவிட்டார். நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அது சேதமில்லாமல் கிடைத்ததால்தான், குண்டைச் செயலிழக்கச் செய்ய வருபவனையே கொல்ல எதிரி என்ன செய்கிறான் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அடுத்த குழியில் இறங்கப்போகிற வீரனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு என்ன?

அப்புறம், போர் முடிந்ததும் அவர் கட்டடக்கலைக்கே திரும்பியதையும் சேர்த்திருக்கலாம். 100 வயது வரை வாழ்ந்து, 2015இல்தான் காலமானார்.