பெண்ணுக்கு வாங்கலாம், பையனுக்கு இப்போதைக்கு வேண்டாம்

பெங்களூருவில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு கிண்டில் வாங்கித் தந்துடறேன் கண்ணு, செல்போனை நோண்டுறதாவது நிக்கும்" என்றார். கிண்டில் என்பது மின்புத்தகம் படிக்க அமேசான் விற்கும் கருவி. பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஐந்து. சட்டென்று சரி சொல்ல மனசு வரவில்லை. உன்னுடையதை ஒரு மாதம் கொடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் இதே யோசனை ஓடுவதால், பார்த்ததை எழுதுகிறேன்.

"எல்லாம் ஸ்கிரீன்தானே" என்று ஒதுக்கிவிட முடியாது. போன் திரை மாதிரி இது கண்ணுக்குள் வெளிச்சத்தை அடிப்பதில்லை. திரைக்குள் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள், மின்சாரம் எதை மேலே கொண்டு வருகிறதோ அது எழுத்தாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கம் மாறும்போதுதான் அந்த எழுத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் நிற்கிறது. ரீல்ஸ் இல்லை.

பையனிடம் கொடுத்தேன். யானைக் கதை. யானை சாம்பல், சரி, அதன் மேல் போர்த்திய துணியும் சாம்பல், பக்கத்தில் நிற்கும் கிளியும் சாம்பல். "அம்மா, கிளிக்குக் கலரே இல்ல" என்று அதைத் தொட்டுக் காட்டினான், பக்கம் திரும்பிவிட்டது. திரும்பும்போது திரை ஒரு நொடி கறுத்து வந்ததில் பயந்துபோய் கையை எடுத்துக்கொண்டான். அச்சுப் புத்தகத்தில் அவன் ஒரு விரலைக் காக்கா இருக்கும் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு, கதை எங்கே போனாலும் நடுநடுவே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவான். இதில் விரலைச் செருக இடம் இல்லை. கலர் கிண்டில் 2024-இல் வந்துவிட்டதுதான், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கீழே போடும் சாமானுக்கு அவ்வளவு காசு கொடுக்க என்னால் முடியாது.

பெண்ணின் கதை வேறு. விடுமுறைக்கு ஏற்காட்டில் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தபோது மழையில் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருக்க, இவள் போர்வைக்குள் கிண்டிலின் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நாவலை முடித்துவிட்டாள். தெரியாத ஆங்கிலச் சொல்லை அழுத்தினால் அங்கேயே அர்த்தம் வருகிறது, எழுந்து போய் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல துணை. படிக்காத பிள்ளையைப் படிக்க வைக்கும் என்று நம்பி வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தமிழ் விஷயம் எனக்கு உறுத்துகிறது. தமிழ் மின்புத்தகங்கள் 2016 கடைசியிலேயே கிண்டிலுக்கு வந்துவிட்டன, பெரியவர்களுக்கு நிறைய இருக்கின்றன, ஆனால் பத்து வயதுக்காரி படிக்கிற மாதிரி தேடினால் என் கண்ணில் பட்டது கொஞ்சம்தான். அந்த ஒரு மாதமும் அவள் படித்தது முழுக்க ஆங்கிலம். அதனால் சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப்போவதை நிறுத்த மாட்டேன். சின்னவனுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, கலரில், மடியில் உட்கார வைத்து நான் படித்துக் காட்டுகிறேன்.

அப்புறம் இன்னொன்று. இதில் காசு கொடுத்து வாங்குவது படிக்கும் உரிமம் மட்டும்தான். 2025 பிப்ரவரியில், வாங்கியதைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதைப் புத்தகங்கள் பாதி என் நாத்தனார் பிள்ளைகளிடமிருந்து கிரேயான் கிறுக்கலோடு வந்தவை, நாளைக்கு எதிர் வீட்டுப் பாப்பாவுக்குப் போகும். கிண்டிலில் வாங்கியதை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாதே.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: ஒன்று போதும், பெரியவளுக்கு, பிறந்தநாளுக்கு. கிண்டிலுக்குள் இருக்கும் புத்தகக் கடைப் பக்கம் அவள் போகாதபடி ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன், ஒவ்வொரு புத்தகமும் என்னிடம் கேட்டுத்தான். சின்னவனுக்கு ஒதுக்கிய பணத்தை வைத்திரு, இங்கே புத்தகத் திருவிழா போடும்போது நீயே வந்து அவனைக் கூட்டிப்போ என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார்.