வசந்தத்துக்கு முன்பும் தமிழ் ஒளிபரப்பு இருந்தது
இலங்கையில் 2009 இல் வசந்தம் ரிவி என்ற அரச தமிழ் அலைவரிசை வந்த பிறகுதான் அரச தொலைக்காட்சியில் தமிழுக்கு இடம் கிடைத்தது என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. வசந்தம் பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1982 பெப்ரவரியில் தொடங்கிய அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியே தமிழிலும் செய்தி தந்தது. திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் ரிவி இருந்தது. தமிழ்ச் செய்தி நேரத்துக்கு அந்த விறாந்தை நிறைந்துவிடும். காற்று பலமாக அடித்தால் படம் புள்ளி புள்ளியாகும், யாராவது கூரையில் ஏறி அன்டனாவைத் திருப்புவார்கள். தமிழ் நாடகம், இசை நிகழ்ச்சி எல்லாம் கொஞ்ச நேரம்தான், அதனாலேயே ஒன்றையும் தவறவிடமாட்டோம். அந்த நேரத்துக்காக எழுதி, நடித்து, செய்தி வாசித்த தமிழர்கள் எத்தனை பேர்! 1998 இல் வந்த தமிழ் அலைவரிசையான சக்தி ரிவி தனியார் என்பதால் அதை நீங்கள் விட்டிருக்கலாம், சரி. ஆனால் ரூபவாஹினியின் அந்தத் தமிழர்களுடைய 27 ஆண்டு உழைப்பை எப்படி விட்டீர்கள்?