எதிராளியின் ஜாதகம்

2023 அக்டோபர், வீட்டில் கொலு வைத்திருந்த வாரம். தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் நாலைந்து வழவழப்பான பிரசார அட்டைகள் விழுந்து கிடக்கும். நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அந்த நவம்பரில் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் சேர்த்துத் தேர்தல், மொத்தம் 140 இடங்கள். எங்கள் தொகுதியில் நேருக்கு நேர் இரண்டே பேர், கடும் போட்டி. சுண்டல் வாங்க வந்தவர்கள்கூட அந்த அட்டைகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்பா, இந்த ஆள் ஸ்கூல் பாதுகாப்புக்குப் பணமே வேண்டாம்னு ஓட்டுப் போட்டிருக்காராம். இவருக்கா நீங்க போடப் போறீங்க?"

அட்டையில் ஆளில்லாத வகுப்பறைப் படம். பக்கத்தில் வேட்பாளரின் முகம், வண்ணத்தை உருவி, வாய் பாதி திறந்திருக்கும்போது எடுத்த படமாகத் தேடிப் போட்டிருந்தார்கள். கீழே சிவப்பில் பெரிய எழுத்தில் குற்றச்சாட்டு. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: மசோதா எண், தேதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க முடிந்தது.

வர்ஜீனியா சட்டமன்றத்தின் இணையதளத்தில் எந்த மசோதா எண்ணைப் போட்டாலும் யார் கொண்டுவந்தார்கள், எந்தக் குழுவுக்குப் போனது, யார் எப்படி ஓட்டளித்தார்கள் என்பது எல்லாமே வந்துவிடும். காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். மகளை உட்காரவைத்துத் தேடினோம். ஒரே விஷயத்துக்கு இரண்டு மசோதாக்கள் வந்திருக்கின்றன. குழு ஒன்றை ஓரம்வைத்துவிட்டு இன்னொன்றை மேலே அனுப்பியிருக்கிறது. இந்த ஆள் ஓரம்வைக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டளித்திருக்கிறார், அட்டை சொல்வது அதைத்தான். மேலே போன மசோதா அவைக்கு வந்தபோது அதையும் ஆதரித்து ஓட்டளித்திருக்கிறார். அட்டையில் அது இல்லை. எண் சரி, தேதி சரி, சொன்ன செய்தி பொய்.

இப்படி எதிராளியைத் தோண்டி எடுத்துக் கொடுப்பதற்கென்றே அமெரிக்கத் தேர்தல்களில் ஒரு தொழில் இருக்கிறது. 'ஆப்போசிஷன் ரிசர்ச்', சுருக்கமாக 'ஆப்போ' என்பார்கள். நம் ஊரில் "அவன் ஜாதகமே என் கையில் இருக்கிறது" என்று சொல்வோமே, அந்த ஜாதகத்தை எழுதும் வேலை. நிறையப் பேர் இதைச் சாக்கடை வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது தேவையான வேலை, ஒழுங்காகச் செய்தால் நாட்டுக்கு நல்லது. எங்கே தோண்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நல்ல ஆப்போ ஆட்கள் செய்வது பெரும்பாலும் காகித வேலை. எதிராளி ஏற்கனவே உறுப்பினராக இருந்தால் அவர் போட்ட ஒவ்வொரு ஓட்டையும், வராமல் போன நாட்களையும் எடுப்பார்கள். யாரிடம் எவ்வளவு நன்கொடை வாங்கினார் என்று பார்ப்பார்கள். வர்ஜீனியாவில் வேட்பாளருக்குத் தனி ஆளோ நிறுவனமோ கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பே கிடையாது, அதனால் இங்கே அந்தப் பட்டியல் ரொம்ப முக்கியம். சொத்துவரி பாக்கி, நீதிமன்ற வழக்குகள், உறுப்பினர்கள் தாக்கல் செய்யும் பொருளாதார நலன் அறிக்கை, பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், பத்து வருடத்துக்கு முந்தைய சமூக ஊடகப் பதிவுகள். எல்லாவற்றையும் தேதியோடு, ஆதாரத்தோடு ஒரு தடித்த கோப்பாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதிலிருந்து நான்கைந்து வரிகள்தான் அட்டைக்கு வரும். கோப்பு நேர்மையாக இருந்து அட்டை பொய்யாகிப் போவதும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, புத்தியுள்ள வேட்பாளர் முதலில் தன்னைத்தான் தோண்டச் சொல்வார். எதிராளி கண்டுபிடிக்கப் போவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால் பதில் தயாராக இருக்கும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். இங்கே மாநிலப் பிரதிநிதியின் வருடச் சம்பளம் 17,640 டாலர், அதை வைத்து இந்தப் பக்கத்தில் ஒரு வருட வீட்டு வாடகையே கட்ட முடியாது. ஆனால் இந்தச் சின்னத் தேர்தல்களில் ஓட்டு வித்தியாசம் அவ்வளவு குறைவு. 2017ல் நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94வது தொகுதியில் டேவிட் யான்சிக்கும் ஷெல்லி சைமண்ட்ஸுக்கும் கடைசிக் கணக்கில் ஆளுக்கு 11,608 ஓட்டு. மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் முந்தினார். பிறகு சர்ச்சைக்குரிய ஒரு சீட்டை யான்சிக்கு என்று நீதிமன்றம் கணக்கில் சேர்க்க, சமநிலை. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி யான்சி பெயரை எடுத்தார்கள். 100 பேர் கொண்ட கீழவையில் அவர் கட்சிக்கு 51–49 என்று பெரும்பான்மை கிடைத்தது அந்தக் கிண்ணத்தால். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு அட்டையைப் படித்துவிட்டு இருபது பேர் மனம் மாறினால் மாநிலமே மாறும்.

அதே 2017ல் நாங்கள் மனாசஸ் பக்கம் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அப்போது ஓட்டு இல்லை, விசாவில் இருந்தேன். ஆனால் ரூட் 28 என்ற சாலை எனக்குத் தெரியும், என் முதுகுக்கும் தெரியும். காலையில் வேலைக்குப் போக அதில் ஏறினால் பிரேக் விளக்குகளின் சிவப்பு வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போகும். இரண்டு முறை குழந்தையைக் காப்பகத்திலிருந்து எடுக்கத் தாமதமாகி அபராதம் கட்டியிருக்கிறேன்.

அந்த 13வது தொகுதியில் 1992 முதல் உறுப்பினராக இருந்தவர் பாப் மார்ஷல். எதிர்த்து நின்றவர் டானிகா ரோம், உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர், மெட்டல் இசைக்குழுவில் பாடியவர், திருநங்கை. திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்த அந்த வருடத் தொடக்கத்தில் மார்ஷல் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது குழுவிலேயே செத்துப்போனது. பிரசாரத்தில் அவர் தரப்பு ரோமை ஆண்பாலிலேயே குறிப்பிட்டது. நேருக்கு நேர் விவாதத்துக்கும் மார்ஷல் வரவில்லை. ரோம் தன்னைப் பற்றிய ஆப்போவை முன்பே எடுக்கச் சொல்லிப் படித்துவிட்டவர், அதனால் எது வரும் என்று அவருக்குத் தெரியும். பதிலுக்கு அவர் மார்ஷலின் குடும்பத்தை இழுக்கவில்லை. இத்தனை வருடம் உறுப்பினராக இருந்தவர் ரூட் 28ஐ என்ன செய்தார் என்று கேட்டார். வீடு வீடாகப் போய் அதையே கேட்டார்.

நான் பார்த்ததிலேயே நேர்மையான ஆப்போ அதுதான். எவரும் சரிபார்க்கலாம், வீட்டைவிட்டு வண்டியை எடுத்தால் போதும். ரோம் ஜெயித்து, அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் வெளிப்படையான திருநராகத் தேர்வாகிப் பதவியேற்ற முதல் ஆள் ஆனார். மார்ஷலைப் பற்றிக் கேட்டபோது, என் தொகுதி மக்களை நான் தாக்கமாட்டேன், பாப் இப்போது என் தொகுதிக்காரர் என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பொது மேடையில் பேசுவதைப் படம்பிடிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. 2006ல் நடந்தது அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் தேர்தல், மாநிலச் சட்டமன்றத் தேர்தல் அல்ல, ஆனாலும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஜிம் வெப்புக்காக வேலை பார்த்த சிதார்த் என்ற 20 வயது இந்திய வம்சாவளி மாணவர், எதிர் வேட்பாளர் ஜார்ஜ் ஆலன் போகும் இடமெல்லாம் கேமராவோடு போனார். ஆகஸ்ட் 11 அன்று மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கூட்டத்தில் ஆலன் அந்தப் பையனைக் கைகாட்டி 'மக்காக்கா' (குரங்கினத்தின் பெயர், நிறவெறி வசவு) என்றார், அமெரிக்காவுக்கு நல்வரவு என்றார். பையன் வர்ஜீனியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெயிப்பார் என்று எல்லோரும் எண்ணியிருந்த ஆலன் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். எவரும் ஒளிந்திருந்து எடுத்த படமல்ல அது. எதிரே நின்று, தெரிந்தே எடுத்தது. அவர் தன் வாயால், கூட்டத்தின் முன்னால் சொன்னது.

இனி நான் சொல்லப்போவது கோபத்தோடுதான்.

2023 செப்டம்பரில், ரிச்மண்ட் புறநகரில் 57வது தொகுதியில் நின்ற ஒரு பெண் வேட்பாளரும் அவர் கணவரும் அந்தரங்கமாக இருக்கும் காணொளிகள் இணையத்தில் இருப்பதை எதிர்க்கட்சி ஆள் ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னார். அக்டோபரில் மாநிலக் குடியரசுக் கட்சி அதை அட்டையாக்கி, வெளியே எச்சரிக்கை அச்சடித்த உறையில் போட்டு, வாக்காளர் வீடுகளுக்கு அனுப்பியது. பிள்ளைகள் தபால் எடுக்கும் வீடுகளுக்கு. அந்தப் பெண் ஒரு செவிலிய நிபுணர், இரண்டு குழந்தைகளின் தாய். ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏற்கனவே போதுமான அளவு எழுதிவிட்டார்கள்.

"அவங்களே இணையத்துல வந்தாங்க, அப்புறம் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரி, அவர் வந்தார். ஆனால் அதற்கும் அவர் கொண்டுவர நினைத்த சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எந்த வரிப்பணத்தைத் தொட்டார், எந்த வாக்கை மீறினார், யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அதை எடுத்து வீடுவீடாகப் போடுவது அவரை அவமானப்படுத்தத்தானே தவிர வேறு எதற்கும் இல்லை. அடுத்த முறை நிற்கலாமா என்று யோசிக்கும் பத்துப் பெண்கள் அந்த உறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். என் மகளும் ஒருநாள் அப்படி யோசிப்பாள் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதும் தெரியும். ரால்ஃப் நார்தம் 2017ல் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். 2019 பிப்ரவரியில்தான் அவருடைய 1984 மருத்துவக் கல்லூரி ஆண்டு மலர்ப் பக்கம் வெளியே வந்தது. கறுப்பினத்தவரைக் கேலி செய்வதுபோல முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய ஒருவரும், வெள்ளை நிறவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானின் அங்கி போட்ட ஒருவரும் நிற்கும் படம். முதலில் மன்னிப்புக் கேட்டவர், மறுநாள் அதில் இருப்பது நான் இல்லை என்றார். கல்லூரி வைத்த விசாரணையிலும் யார் என்று முடிவாகவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய மாணவப் பருவம்தானே, விட்டுவிடலாமா? என் கருத்தில் விடக்கூடாது. அச்சடித்த மலர், அவர் பெயர் போட்ட பக்கம், அடிமை முறை வேரோடியிருந்த மாநிலம். ஓட்டுப் போடும் கறுப்பின மக்களுக்கு அதைத் தேர்தலுக்கு முன்பே பார்க்கும் உரிமை இருந்தது. அலமாரியில் இருந்த ஒரு புத்தகத்தை எவரும் அப்போது மக்கள் முன்னால் எடுத்து வைக்காததுதான் குறை.

ஊரில் சித்தப்பாவோடு போனில் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "இங்க எதுக்குப்பா ஆராய்ச்சி? எங்க எம்எல்ஏவோட சின்னவீடு எந்தத் தெருன்னு பஸ் கண்டக்டருக்கே தெரியும்."

"சரி சித்தப்பா, அவர் சட்டசபையில எத்தனை கேள்வி கேட்டாருன்னு தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது எப்படிப்பா தெரியும்?"

வேட்பாளர்கள் வழக்கு, சொத்து, கடன், படிப்பு விவரங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொல்லி, 2003ல் மறுபடி உறுதிசெய்தது. அந்தப் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு அவர் தொகுதியின் இரண்டு முக்கிய வேட்பாளர்களுடையதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று ராத்திரியே கூப்பிட்டார். "ஏம்ப்பா, இவன் ஐஞ்சு வருஷத்துல இத்தனை ஏக்கர் வாங்கிருக்கானே, வருமானம்னு காட்டினது இவ்வளவுதானே?" குரலில் அத்தனை பரபரப்பு. சின்னவீட்டைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

அந்த அக்டோபருக்கு வருகிறேன். பள்ளிப் பாதுகாப்பு அட்டையின் குட்டு வெளிப்பட்டதும் மகளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. மறுநாள் வந்த ஐந்து அட்டைகளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றின் அடியில் இருந்த எண்ணையும் தேடினாள். மூன்று சரியாக இருந்தன. ஒன்று இழுத்து நீட்டிய கதை. ஐந்தாவதில் இருந்த எண்ணைப் போட்டால் மீன்பிடி உரிமம் பற்றிய மசோதா வந்தது, அட்டை சொன்ன விஷயத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அது நாங்கள் ஓட்டுப் போட இருந்தவர் தரப்பு அனுப்பிய அட்டை. சரியான எண் என்ன என்று கேட்டு அவருடைய பிரசார அலுவலகத்துக்கு அன்று இரவே எழுதினேன். தேர்தல் முடியும்வரை பதில் வரவில்லை.